கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை – 17: கெப்போங்கில் நட்ட காடு

சென்ற இதழில் ஈயம் தோண்டிய கதையைப் பார்த்தோம். ஈயம் தீர்ந்த இடங்களில் மிஞ்சியது குட்டையும் வெண்மணலும்தான். மேல்மண் போன நிலத்தில் லாலான் புல்லைத் தவிர வேறெதுவும் எளிதில் தலைதூக்காது. அப்படிக் கைவிடப்பட்ட ஒரு நிலத்தில்தான் இந்த இதழின் கதை தொடங்குகிறது.

ஆண்டு 1926. கூட்டு மலாய் மாநிலங்களின் வனத்துறைத் தலைவர் ஜி. இ. எஸ். கியூபிட், வன ஆராய்ச்சிக்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்று முடிவு செய்தார். இடம் தேடும் பொறுப்பு ஃபிரெட் வில்லியம் ஃபாக்ஸ்வொர்த்தியிடம் வந்தது. அமெரிக்கரான அவர் பிலிப்பைன்ஸில் மரங்களை ஆராய்ந்துவிட்டு 1918-இல் மலாயாவுக்கு வந்தவர். கோலாலம்பூருக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், கெப்போங்கில், புக்கிட் லாகோங் காட்டின் அடிவாரத்தை அவர் தேர்ந்தெடுத்தார். மேலே குன்றில் காடு இருந்தது. கீழே அவர் கேட்டு வாங்கிய நிலத்தில் பழைய ஈயக்குட்டைகளும் காய்கறிப் பாத்திகளும் புதரும் இருந்தன. மரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

மரங்களை ஆராய வந்தவர் மரமே இல்லாத நிலத்தை எடுத்தார் என்பதை நான் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பமாகவே பார்க்கிறேன். அந்த ஆண்டுகளில் சிலாங்கூர் முழுக்க நடந்ததெல்லாம் காட்டை அழித்து ரப்பர் நடும் வேலை. கெப்போங்கைச் சுற்றியும் ரப்பர்த் தோட்டங்கள்தாம். எடின்பர்க் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அங்கே இருக்கிறது. நாடே ஒரு திசையில் போய்க்கொண்டிருந்தபோது இந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் காட்டு மரங்களைத் திருப்பி நட்டார்கள். 1928-க்குள் ஒரு நாற்றங்காலும், சுமார் 42 ஹெக்டேரில் சோதனை நடவும் உருவாகிவிட்டன. 1929-இல் வன ஆராய்ச்சி நிலையம் முறையாகத் தொடங்கியது. ஃபாக்ஸ்வொர்த்தி அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில் மலாயாக் காட்டின் அரச குடும்பமான மெராந்தி, கெருயிங், கப்பூர், செங்கால் வகைகளுக்கென்று ஒரு மரத்தோப்பையும் தொடங்கினார்கள். இன்று நாம் ஃபிரிம் என்று அழைக்கும் மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் இதயம் அந்தத் தோப்புதான்.

தாவரவியலார் டிப்டெரோகார்ப் என்று சொல்லும் இந்தக் குடும்பம் தமிழருக்கு அந்நியமானதல்ல. வீட்டில் சாம்பிராணியோடு சேர்த்துப் புகைக்கும் குங்கிலியம் இதே குடும்பத்து மரங்களின் பிசின். கிழக்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு குங்கிலிய மரம், ஷோரியா ராக்ஸ்பர்கி, லங்காவியிலும் இயற்கையாக வளர்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் இவற்றைக் குங்கிலியக் குடும்பம் என்றே அழைக்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் ஒரு மரத்தை நாம் வேறு வழியிலும் நெடுங்காலமாக அறிவோம். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரம் பழைய நாளில் கப்பூர் மரத்தின் உள்ளிருந்து வந்தது. முதிர்ந்த மரத்தின் உள்வெடிப்புகளில் அது வெள்ளைப் படிகமாக உறைந்திருக்கும். எந்த மரத்தில் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். பிளந்த பல மரங்களில் ஒன்றுமே இருக்காது. இந்தச் சரக்குக்குப் பேர்போன துறைமுகம் சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ். அதன் அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே இயங்கியதற்கு அது சான்று. பிரிக்ஃபீல்ட்ஸ் பூசைக் கடைகளில் இன்று சின்ன டப்பாவில் விற்கும் பச்சைக் கற்பூரம் பெரும்பாலும் ஆலையில் செய்தது. அந்தப் பெயருக்கு உரிய மரத்தைப் பார்க்க வேண்டுமானால் கெப்போங்குக்குப் போகலாம்.

கப்பூர்த் தோப்பின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் தலையும் பக்கத்து மரத்தைத் தொடாமல் கையகல இடைவெளி விட்டு நிற்கும். கோடையில் வெடித்த வயல் மண்போல, இலைத்திட்டுகளுக்கு நடுவே வானம் கோடுகோடாக ஓடும். காற்றில் கிளைகள் ஒன்றோடொன்று உரசி நுனி ஒடிவதால்தான் இந்த இடைவெளி என்று சிலர் நினைத்தார்கள். கெப்போங்கின் தாவரவியலார் ஃபிரான்சிஸ் இங் 1977-இல் இந்த மரங்களை ஆராய்ந்தார். உரசலின் தடயம் அவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து இலைகள் நெருங்கும்போது வெளிச்சம் குறைவதை வளரும் நுனி உணர்ந்து நின்றுவிடுகிறது என்பது அவர் முன்வைத்த விளக்கம். ஆராய்ச்சிக்கு உதவிய இந்த மரங்கள் தாமாக முளைத்தவை அல்ல. ஒவ்வொன்றும் மனிதர்கள் குழி வெட்டி நட்டது.

நட்டவற்றுக்குப் பெயரும் வகையும் தெரிய வேண்டுமே. அந்த வேலையைச் செய்தவர் காலின் ஃபிரேசர் சிமிங்டன். காட்டுக்குள் 40 மீட்டர் உயரத்தில் பூக்கும் மரத்தின் பூவைப் பார்த்து வகை சொல்ல வனக் காவலரால் முடியாது. ஆகவே பட்டை எப்படி இருக்கிறது, வெட்டினால் உள்ளே என்ன நிறம், பிசின் எப்படி வடிகிறது, கீழே உதிர்ந்த இலையின் நரம்பு எப்படிப் போகிறது என்று கையில் கிடைப்பதை வைத்தே மரத்தை அடையாளம் காண சிமிங்டன் ஒரு கையேடு எழுதினார். நூல் வெளிவருவதற்குள் போர் வந்துவிட்டது. மலாயா ஜப்பானியர் கையில் இருந்த 1943-ஆம் ஆண்டில், எதிரி நாட்டு ஆசிரியரின் அந்தப் புத்தகம் வெளியானது. அதே ஆண்டில் சிமிங்டன் நைஜீரியாவில் இறந்துபோனார். தன் வாழ்நாள் வேலையை அவர் அச்சில் பார்த்ததில்லை. எத்தனையோ ஆவணங்கள் அழிந்த அந்த மூன்றரை ஆண்டுகளில் மலாயா மரங்களின் இந்தக் கையேடு பிழைத்தது. மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1974-இல் அதை மறுபதிப்புச் செய்தது. 2004-இல் பீட்டர் ஆஷ்டனோடு சேர்ந்து அதைத் திருத்திப் புதுப்பித்தவர் கெப்போங்கில் பணியாற்றிய எஸ். அப்பண்ணா. அவரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ஒரு கேள்வி வாசகர்களுக்கு இந்நேரம் எழுந்திருக்கும். இனத்தைக் காப்பாற்றத் தோப்பு எதற்கு, விதையை எடுத்து வைத்தால் போதாதா?

நெல்லுக்குப் போதும். நன்றாகக் காயவைத்து, உறைகுளிரில் வைத்தால் நெல்விதை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். வடதுருவத்துக்குப் பக்கத்தில் நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த விதைக் கிடங்கு அப்படித்தான் இயங்குகிறது. மைனஸ் 18 டிகிரியில் உலகின் பயிர்விதைகள் அங்கே உறங்குகின்றன. நம் பாட்டிமார் வேப்பிலை போட்டுக் குதிரில் விதைநெல் வைத்ததும் இதே அடிப்படைதான்: ஈரத்தை எடுத்துவிட்டால் விதை தூங்கும்.

குங்கிலியக் குடும்பத்து விதை தூங்காது. மெராந்தியின் கொட்டை நீண்ட சிறகுகளோடு சுழன்று சுழன்று இறங்கும். ஈரம் நிறைந்த அந்தக் கொட்டை தரையைத் தொட்ட சில நாட்களிலேயே வேர் விடத் தொடங்கிவிடும். காயவைத்தால் செத்துப்போகும். குளிர்பெட்டியில் வைத்தாலும் பல வகைகள் தாங்காது. ஈரமாகப் பொதிந்து எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் சில வாரங்கள்தான். நாள்தோறும் மழையும் வெப்பமும் மாறாத காட்டில் பிறந்த விதைக்குக் காத்திருக்க வேண்டிய தேவை என்றுமே இருந்ததில்லை. பலா, மா, டுரியான், ரம்புத்தான், ரப்பர் விதைகளும் இந்தச் சாதியே.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. மூன்று, ஐந்து, எட்டு என்று கணக்கில்லாத இடைவெளியில், பெரும்பாலும் ஒரு வறட்சிக்குப் பின், காடு முழுக்க ஒரே காலத்தில் பூத்துக் காய்க்கும். பிறகு மறுபடியும் பல ஆண்டு மௌனம். விதை கிடைக்கும் அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே இந்த மரங்களை அவற்றின் காட்டுக்கு வெளியே காப்பதென்றால், நெடுங்காலம் வரை அதற்கு ஒரே வழிதான் இருந்தது. நட வேண்டும். நட்ட இடத்தை ஒரு நூற்றாண்டுக்கு யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நட்டுவிட்டால் போதுமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் அப்பண்ணா வருகிறார். 1970களின் இறுதியில், நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில், எச். டி. சான் என்பவரோடு சேர்ந்து அவர் மெராந்தி மரங்களின் மகரந்தச் சேர்க்கையை ஆராய்ந்தார். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, லட்சக்கணக்கில் பூக்கும் மரத்துக்குத் திடீரென்று அவ்வளவு பூச்சிகள் எங்கிருந்து வரும்? அவர்கள் கண்ட விடை இலைப்பேன். மிளகாய்ச் செடியில் நம் விவசாயிகள் சபிக்கும் அதே வகைப் பூச்சி, ஓரிரு மில்லிமீட்டர் நீளம். சுமார் எட்டே நாளில் ஒரு தலைமுறை பெருகிவிடும் என்பதால் மொட்டு விடும் காலத்திலேயே அது பல்கிப் பெருகும். பூக்கள் மாலையில் விரியும். விடிந்ததும் இதழ்வட்டம் கழன்று, உள்ளே மகரந்தம் பூசிய இலைப்பேன்களோடு தரையில் கொட்டும். அந்திப்பொழுதில் அவை மறுபடியும் மேலே எழும்பி, காற்றோடு போய், புதிதாக விரிந்த வேறொரு மரத்தின் பூவில் நுழையும். சரவாக்கில் பின்னர் நடந்த ஆய்வுகள் சில மெராந்திகளுக்கு வண்டுகளே முக்கியம் என்று காட்டின. எந்தப் பூச்சியானாலும் அடிப்படை ஒன்றுதான்: இந்த மரங்களில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தைத் தாமே ஏற்று நல்ல விதை தருவதில்லை. அதே இனத்தில் இன்னொரு மரம் பக்கத்தில் வேண்டும், பூச்சியும் வேண்டும், பூச்சி பிழைத்திருக்கப் பக்கத்தில் காடும் வேண்டும்.

ஒரு தோப்பில் ஓர் இனத்துக்கு இரண்டு மூன்று மரம் நட்டு, பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது என்பதை இந்த ஆய்வுகள் தெளிவாக்கின. இரண்டு மூன்று மரங்களுக்குள்ளேயே கலந்து பிறக்கும் கன்றுகள் தலைமுறை தலைமுறையாக நலிந்துபோகும். கெப்போங்குக்கு வாய்த்த நன்மை, அதன் தோப்புகளுக்குப் பின்னால் புக்கிட் லாகோங் காடு இன்றும் நிற்பது. நட்ட காடும் பழைய காடும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

விதையை எப்படியாவது தூங்கவைக்கும் முயற்சியும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நடந்தது. செர்டாங்கில் அப்போது வேளாண் பல்கலைக்கழகமாக இருந்த இடத்தில் பேராசிரியர் சின் ஹூங் ஃபோங், தூங்காத விதைகள் பற்றிய உலகளாவிய நிபுணராக விளங்கினார். இ. எச். ராபர்ட்ஸோடு சேர்ந்து 1980-இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் முதல் நூல்களில் ஒன்று. அவரிடம் ஆய்வு செய்தவர் பாஸ்கரன் கிருஷ்ணப்பிள்ளை. முழு விதை தாங்காது. ஆனால் விதைக்குள் இருக்கும் கரு அச்சை, சில மில்லிமீட்டர் அளவே உள்ள அந்த உயிர்முனையை, வெட்டியெடுத்து அளவாக உலர்த்தி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினால் சில இனங்கள் பிழைக்கின்றன. வெளியே எடுத்து ஊட்டக் கூழில் வைத்தால் முளைக்கின்றன. கிருஷ்ணப்பிள்ளை பின்னர் கெப்போங்கிலும் இந்த வேலையைத் தொடர்ந்தார். எல்லா இனங்களும் இதற்கு இணங்குவதில்லை. ஓர் இனத்துக்குக் கண்டுபிடித்த பக்குவம் அடுத்த இனத்துக்குப் பொருந்தாது. ஆகவே தோப்பின் தேவை இன்னும் தீரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொரு தோட்டத்தையும் குறிப்பிட வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தில், பழைய ரப்பர் நிலத்தில், 1974-இல் உருவான ரிம்பா இல்மு. தாழை இனங்களின் ஆய்வில் உலகப் புகழ்பெற்ற பெஞ்சமின் ஸ்டோன் அங்கே பேராசிரியராக இருந்தார். எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்துக் காட்டு உறவுகளை அங்கே சேகரித்து வளர்த்தார்கள். நம்மில் பலர் அந்த வளாகத்தின் வேலியோரமாக ஆயிரம் முறை போயிருப்போம். உள்ளே போனவர்கள் குறைவு.

மரத்தை விட்டு விலங்குக்கு வந்தால் கதை கடினமாகிறது.

உலு கிளாங்கில் 1963 நவம்பர் 14 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் ஜூ நெகாரா விலங்குப் பூங்காவைத் திறந்துவைத்தார். பொதுமக்களின் நினைவில் அந்தப் பூங்காவின் பெரிய நிகழ்ச்சி 2014-இல் சீனாவிலிருந்து வந்த பாண்டா இணைதான். அவற்றுக்கு அங்கே மூன்று குட்டிகள் பிறந்தன. குட்டிகளும் சீனாவுக்குப் போயின, 2025-இல் பெற்றோரும் போயின. இந்த மண்ணுக்கு உண்மையில் உதவிய வேலை வேறு. அலையாத்திக் காட்டுச் சேற்றில் மீன் பிடிக்கும் பால்வெள்ளை நாரை மலேசியாவில் வேகமாக அருகிவந்தது. பேராக்கின் மாத்தாங் சதுப்புக்காட்டில் நூற்றுக்கு மேல் இருந்தவை கைவிட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. ஜூ நெகாரா 1987-இல் அதைக் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது. 1998-இல் கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் சில பறவைகளைத் திரும்ப விட்டார்கள்.

அந்த முயற்சியில் யாரும் எதிர்பாராத இடையூறு ஒன்று நேர்ந்தது. அதற்குக் காரணம் நமக்குத் தெரிந்த பறவை. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரைகள் ஜூ நெகாராவில் கூண்டில்லாமல் பறந்து திரிந்தன. மலேசியத் தீபகற்பம் அவற்றின் இயற்கை வாழிடம் அல்ல. இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் சோடி சேர்ந்தன; கலப்பினக் குஞ்சுகள் பிறந்தன. பார்வைக்குப் பால்வெள்ளை நாரைபோலவே இருக்கும் பறவையிலும் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் மரபணுச் சோதனை தேவைப்பட்டது. தம் வாழிடங்களில் பெரும்பாலும் பிரிந்திருந்த இரண்டு இனங்கள் ஒரே பூங்காவின் வேலிக்குள் கலந்துவிட்டன. வாழிடத்துக்கு வெளியே ஓர் இனத்தைக் காக்கிறவர்கள், வாழிடம் அதற்குச் செய்து கொடுத்த ஒவ்வொரு வேலையையும் தாமே செய்ய வேண்டியிருக்கிறது. பிரித்து வைப்பதும் அதில் ஒன்று.

சுமத்ரா காண்டாமிருகத்தின் கதை துயரம். உலகிலேயே சிறிய, உடலில் மயிருள்ள காண்டாமிருகம் அது. சிதறிக் கிடந்த காடுகளில் தனித்தனியே அகப்பட்டுக்கொண்ட விலங்குகளைப் பிடித்து ஓரிடத்தில் சேர்த்து இனம் பெருக்குவது என்று 1984-இல் பன்னாட்டு நிபுணர்கள் முடிவெடுத்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலுமாக 40 விலங்குகள் பிடிபட்டன. என்ன தின்னும் என்பதே சரியாகத் தெரியாமல் பல இடங்களில் தீவனம் கொடுத்தார்கள். நெடுநாள் சேராத பெண் விலங்குகளின் கருப்பையில் கட்டிகள் உண்டாகிக் கருத்தரிக்கும் திறன் போனது. பெரும்பாலானவை கன்று ஈனாமலே மடிந்தன.

தீபகற்ப மலேசியாவில் மிஞ்சியவற்றுக்கு உலு சிலாங்கூரின் சுங்கை டுசுனில் காப்பகம் இருந்தது. 2003-இன் இறுதியில் அங்கிருந்த ஐந்து காண்டாமிருகங்களும் 18 நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தன. மாட்டையும் எருமையையும் தாக்கும் சுர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயே காரணம் என்று ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் டாக்டர் எஸ். வெள்ளையன், ஜூ நெகாராவில் நெடுங்காலம் பணியாற்றிய கால்நடை மருத்துவர். பாக்டீரியாத் தொற்று என்று சொன்னவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும், ஒரு தீபகற்பத்தின் காப்பிட முயற்சி முழுவதும் மூன்று வாரத்துக்குள் முடிந்துபோனது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் நான் காணும் பெரும் பிழை. 2001-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இந்த இனத்தின் கன்று ஒன்று காப்பிடத்தில் பிறந்தது. ஆண்டலாஸ் என்ற அந்தக் கன்று வளர்ந்து சுமத்ராவுக்குச் சென்று தந்தையும் ஆனது. முயற்சி தவறானது அல்ல, தாமதமும் அறியாமையும் அதைக் கொன்றன. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

இனி நம் மக்களுக்கு மிக நெருக்கமான மரத்துக்கு வருகிறேன். பால்மரம் என்று நாம் அழைக்கும் ரப்பர் அமேசான் காட்டுப் பிறவி. ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை சிறுபகுதி. அவற்றின் வழியில் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு சீவிய மரங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். உறவு இவ்வளவு நெருக்கமாக இருப்பது ஆபத்து. தென் அமெரிக்காவில் ரப்பர் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் பூஞ்சணம் ஆசியாவுக்கு வந்தால் தாங்கி நிற்க வேறு ரத்தம் வேண்டும்.

அந்த வேறு ரத்தத்தைத் தேடி 1981-இல் பன்னாட்டு ரப்பர் ஆய்வு வாரியத்தின் குழு ஒன்று பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாத்தோ குரோசோ பகுதிகளுக்குப் போனது. காட்டு மரங்களிலிருந்து 64,736 விதைகள் திரட்டினார்கள். பாதி பிரேசிலில் தங்கியது. மிச்சத்தில் பெரும்பங்கு, அதாவது மொத்தத்தில் 37.5 விழுக்காடு, நோய் தொற்றாமல் பக்குவம் செய்யப்பட்டு மலேசிய ரப்பர் ஆய்வுக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. ரப்பர் விதையும் தூங்காத விதை என்று மேலே சொன்னேன். அதையும் நட்டுத்தான் காக்க வேண்டும்.

1925-இல் உருவான அந்தக் கழகத்தின் பெரிய சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. நம்மவர்களுக்கு அது ஆர்.ஆர்.ஐ. தோட்டம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஒட்டுக் கட்டினார்கள், மரம் சீவினார்கள், பால் எடை போட்டார்கள். ஒவ்வொரு மரத்தின் எண்ணையும் பாலின் அளவையும் குறித்துக் கொடுத்த கைகளில் பல தமிழ்க் கைகள். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இன்றும் விவசாயிகள் பெயர் சொல்லிக் கேட்கும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம் இந்தக் கழகத்தின் படைப்பு. 2010-இல் அந்த நிலத்தில் புதிய நகரம் எழும்பும் என்று அரசு அறிவித்தது. 2,330 ஏக்கர். இன்று அங்கே குவாசா டமன்சாரா என்ற பெயரில் எம்.ஆர்.டி. நிலையமும் அடுக்குமாடிகளும் இருக்கின்றன. ஆர்.ஆர்.ஐ. பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி மிஞ்சியிருக்கிறது. நகரம் வளரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக மரங்களைக் கண்காணித்த மண்ணை இழந்ததற்கு இந்த நாடு கொடுத்த விலையை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

கெப்போங்குக்கும் அந்த நிலை வந்திருக்கலாம். கோலாலம்பூர் அதன் வாசல்வரை வந்துவிட்டது. நிலத்தின் மதிப்பு எவருக்கும் ஆசை ஊட்டக்கூடியது. நல்லவேளையாக 2009-இல் மரபுடைமை இடமாகப் பதிவாகி, 2012-இல் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு அதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. கவனியுங்கள், இயற்கை இடமாகச் சேர்க்கவில்லை, பண்பாட்டு இடமாகச் சேர்த்தது. மனிதன் பாழாக்கிய ஈய நிலத்தில் மனிதனே நட்டு எழுப்பிய மழைக்காடு என்பதுதான் அதன் சிறப்பு.

இந்தப் பெருமையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. செலாயாங்கிலிருந்து ரவாங் போகும் சாலையில் கான்சிங் காடு இருக்கிறது. விடுமுறை நாளில் நம் குடும்பங்கள் அருவியில் குளிக்கப் போகும் அதே இடம். அங்கே கியாம் கான்சிங் என்ற மரம் வளர்கிறது. சிமிங்டன் பெயர் சூட்டிய குங்கிலியக் குடும்பத்து மரம். உலகத்தில் அது இயற்கையாக வளரும் ஒரே காடு கான்சிங்தான். கெப்போங்கில் எத்தனை கன்று நட்டாலும், கான்சிங் போய்விட்டால் அந்த மரத்துக்குத் திரும்பிப் போக வீடு இல்லை.

சிலாங்கூரில் வனக்காப்பு நிலத்தை விடுவிப்பதற்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அறிவிப்பு நாளிதழில் வரும். மாநிலத்தில் வாழும் எவரும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2020-இல் கோலா லங்காட் வடக்குக் காட்டுக்கு அப்படி அறிவிப்பு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். அதையும் மீறி விடுவித்த நிலத்தை, எதிர்ப்பு ஓயாததால், 2021-இல் மாநில அரசு திரும்பக் காப்புக்காடாக்குவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. உங்கள் பிள்ளைகளைக் கெப்போங்குக்கு அழைத்துப் போங்கள், கப்பூர்த் தோப்பைக் காட்டுங்கள். நாளிதழில் அத்தகைய அறிவிப்பைக் கண்டால், அது கான்சிங்காக இருந்தாலும் வேறு எந்தக் காடாக இருந்தாலும், உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதி, மலாயில் ஒரு படியும் சேர்த்து அனுப்புங்கள்.

(தொடரும்)